வேலைக்காக ஓடுறவங்க சாம்பியன் ஆக முடியாதா? அவினாஷ் சாப்ளேவின் ஓட்டத்தில் ஒரு தமிழ்நாட்டுக் கணக்கு

2024 ஆகஸ்ட் 8. நள்ளிரவு ஒரு மணி தாண்டியிருந்தது. லீவில் ஊருக்குப் போயிருந்தாலும், லைவ் அப்டேட் போடுற வேலை மட்டும் என்னை விடலை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். மொபைலில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஃபைனல். பக்கத்தில் சித்தப்பா பையன், போர்வையைப் போர்த்திக்கிட்டு.

முதல் சுற்றில் நீல நிற ஜெர்சி ஒண்ணு கூட்டத்துக்கு முன்னால் ஓடுது. அவினாஷ் சாப்ளே. இந்த ஓட்டத்தில் ஒலிம்பிக்ஸ் ஃபைனலுக்குப் போன முதல் இந்திய ஆண். தம்பி எழுந்து உட்கார்ந்துட்டான். ரெண்டு கேள்வி கேட்டான். முதல் கேள்வி, "எல்லாரும் ஓடுறாங்க, சரி. நடுவுல எதுக்குக்கா தண்ணியில குதிக்கிறாங்க?" ரெண்டாவது, "இவரு என்ன வேலை பார்க்கிறாரு?"

"மிலிட்டரிடா" என்றேன்.

"அப்ப செட்டில்டு" என்று சொல்லிட்டு மறுபடி படுத்துட்டான்.

அவன் அப்போ போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கிட்டிருந்தான். காலையில் அஞ்சு மணிக்கு ஏற்காடு ரோட்டில் ஓடணும். சேலத்திலிருந்து ஏற்காடு போனவங்களுக்கு இந்த ரோடு தெரியும். கோரிமேடு தாண்டினா எங்க ஊர், அதுக்கப்புறம் அடிவாரம், பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு. டூரிஸ்ட் கார்கள் வர்றதுக்கு முந்தின அந்த ஒரு மணி நேரம், ரோடு எங்க ஊர்ப் பசங்களுக்குச் சொந்தம். ஒருத்தன் மொபைலில் ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு நிப்பான், மத்தவங்க ஓடுவாங்க.

அன்னிக்கு சாப்ளே 11-வது இடம். 8 நிமிஷம் 14.18 விநாடி. நான் ரெண்டு வரி அப்டேட் போட்டேன், பதக்கம் இல்லாததால் அதோட செய்தி முடிஞ்சது. ஆனா "அப்ப செட்டில்டு" என்ற அந்த வார்த்தை மட்டும் முடியலை. நம்ம பசங்க வேலைக்காகத்தான் ஓடுறாங்க, விளையாட்டுக்காக இல்லைன்னு ஒரு குறை நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு. நானே டிவி விவாத மேடை பாணியில் அப்படிப் பேசியிருக்கேன். சாப்ளேவின் கதையை உட்கார்ந்து படிச்ச பிறகு, குறை பசங்ககிட்ட இல்லை, வரிசையை நாம தலைகீழா வெச்சிருக்கோம்னு தோணுது.

முதல்ல அந்தத் தண்ணி விஷயம்

தம்பியின் முதல் கேள்வி நியாயமானது. பதிலும் வேடிக்கையானது. ஸ்டீபிள் என்றால் சர்ச் கோபுரம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு ஊர் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர் கோபுரம் வரை குதிரையில் பந்தயம் விடுவாங்க. வழியில் வேலி, கல்சுவர், ஓடை எது வந்தாலும் தாண்டணும். அதையே 19-ம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் குதிரை இல்லாமல் ஓடிப் பார்த்தாங்க. வேலி மரத் தடுப்பாச்சு, ஓடை தண்ணீர்க்குழியாச்சு. 1900-ல் இருந்து ஏதோ ஒரு தூரத்தில் ஒலிம்பிக்ஸில் இருக்கு. 1920-ல் 3,000 மீட்டர்னு முடிவாச்சு. பெண்களுக்கு 2008 பெய்ஜிங் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

(ஒரு சின்னத் தகவல்: 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் சுற்று எண்ணுறவர் கணக்கை விட்டுட்டதால், எல்லாரும் ஒரு சுற்று கூடுதலா ஓடித் தொலைச்சாங்க. சாதாரண ஓட்டத்தில் ஒரு சுற்று கூடினாலே மூச்சு போயிரும். இதில் தடுப்பும் குழியும் சேர்த்து இன்னொரு சுற்று!)

மொத்தம் 28 தடுப்பு, 7 தண்ணீர்க்குழி. 35 தடவை தாண்டணும். ஆண்களுக்குத் தடுப்பின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2. சாதாரண ஹர்டில்ஸில் கால் பட்டா தடுப்பு சாஞ்சிரும், ஓடிக்கிட்டே இருக்கலாம். இங்கே சாயாது. 80 கிலோவிலிருந்து 100 கிலோ வரை எடை உள்ள கட்டை. முட்டினா நாமதான் சாயணும். அதே பாரிஸ் ஃபைனலில் உலக சாதனை வைத்திருக்கும் எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா கடைசிச் சுற்றில் தடுப்பில் சிக்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிட்டுப் போனாங்க.

தண்ணீர்க்குழி 3.66 மீட்டர் நீளம். தடுப்புக்குப் பக்கத்தில் ஆழம் அதிகம், போகப் போகக் குறையும். ஒரு காலைத் தடுப்பு மேல வெச்சு உந்தி, எவ்வளவு தூரம் தள்ளிக் குதிக்கிறோமோ அவ்வளவு கொஞ்சமா நனையலாம். களைப்பில் உந்துதல் குறைஞ்சா முழங்கால் வரை தண்ணி. அடுத்த அரைச் சுற்று ஈர ஷூவின் கனத்தோடு ஓடணும். இதை ஏழு தடவை செய்யணும்.

ஒரு தடுப்பு எவ்வளவு நேரத்தைச் சாப்பிடும்? தடுப்பே இல்லாத 3,000 மீட்டரின் உலக சாதனை நார்வேயின் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் வசம், 7 நிமிஷம் 17.55 விநாடி. ஸ்டீபிள்சேஸ் உலக சாதனை கிர்மாவின் 7:52.11. வித்தியாசம் 34.56 விநாடி. 35 தாண்டலுக்குப் பிரிச்சா, ஒண்ணுக்கு ஒரு விநாடிக்கும் கொஞ்சம் கீழே. உலகத்திலேயே நல்லா தாண்டுறவருக்கே அவ்வளவு செலவு. தாண்டத் தெரியாத, வேகமா மட்டும் ஓடத் தெரிஞ்ச ஒருத்தர் இதில் எங்கேயும் தேற மாட்டார்.

முக்கியமா ஒண்ணு. இதை ஏற்காடு ரோட்டில் பழக முடியாது. மண் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு 1,500 மீட்டர் ஓட்டத்தைப் பழகிரலாம். தண்ணீர்க்குழி கட்டின டிராக் இருந்தாத்தான் ஸ்டீபிள்சேஸ். எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில் இப்படி ஒரு போட்டி இருக்கிறதாகவே யாரும் சொன்னது கிடையாது. நான் முதல்முறை பார்த்ததே டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

பீட் மாவட்டத்திலிருந்து சியாச்சின் வழியாக

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் மழை பொய்க்கிற பூமி. கரும்பு வெட்ட ஊர் ஊராப் போற குடும்பங்களுக்குப் பேர் போன மாவட்டம். அங்கே ஆஷ்டி தாலுகாவில் மாண்ட்வா என்ற கிராமத்தில் 1994 செப்டம்பர் 13-ம் தேதி பிறந்தவர் சாப்ளே. அப்பா, அம்மா விவசாயம் பார்த்தாங்க, செங்கல் சூளையிலும் வேலை செஞ்சாங்க. ஸ்கூல் ஆறு கிலோமீட்டர். பஸ் கிடையாது. நடந்தும் ஓடியும் போனார்.

இந்த இடத்தில் எல்லாரும் "அப்பவே ஓட்டக்காரர்" என்று எழுதிருவாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஸ் வராத ஊர்ப் பிள்ளைங்க எல்லாருமே அப்படித்தான் போறாங்க. அதை வறுமை என்று சொல்லாமல் பயிற்சி என்று சொல்றது பஸ் விடாதவங்களுக்கு வசதியான கதை.

பன்னிரண்டாவது முடிச்சதும் ராணுவத்தில் சேர்ந்தார். 5 மகார் ரெஜிமென்ட். காரணம், குடும்பத்துக்குச் சம்பளம் வேணும். எங்க ஊர்ப் பசங்க ஓடுற அதே காரணம். 2013-14-ல் சியாச்சின் பனிமலையில் போஸ்டிங். பிறகு ராஜஸ்தான் பாலைவனம், அதுக்கப்புறம் சிக்கிம். 2015-ல்தான் ராணுவத்துக்குள்ளே நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் இறங்கினார். அங்கே அவரைக் கவனிச்ச ராணுவப் பயிற்சியாளர் அம்ரிஷ் குமார், 2017 வாக்கில் ஸ்டீபிள்சேஸ் பக்கம் திருப்பிவிட்டார்.

வயசைக் கவனிங்க. முதல் தடவை இந்தத் தடுப்பைத் தாண்டிப் பழகும்போது அவருக்கு 22 வயசு தாண்டியாச்சு. நம்ம ஊர்க் கணக்கில் அது "இனிமே என்னடா ஓட்டம்" என்று வீட்டில் கேக்குற வயசு.

அடுத்த வருஷமே, 2018-ல், புவனேஸ்வரில் நடந்த தேசிய ஓபன் போட்டியில் 8:29.80. கோபால் சைனி 1981-ல் டோக்கியோவில் வைத்த 8:30.88 என்ற தேசிய சாதனை 37 வருஷம் அசையாம இருந்தது, அன்னிக்கு அசைஞ்சது. அதுக்கப்புறம் நிக்கவே இல்லை. 2019-ல் மூணு தடவை, 2021-ல் ரெண்டு தடவை, 2022-ல் மூணு தடவை, 2024-ல் ஒரு தடவைன்னு தன் சாதனையைத் தானே உடைச்சுக்கிட்டே வந்தார். மொத்தம் பத்து தடவை தேசிய சாதனை. கடைசியாக 2024 ஜூலையில் பாரிஸ் டயமண்ட் லீக்கில் 8:09.91. நாடு 37 வருஷத்தில் குறைக்காத நேரத்தில், ஒருத்தர் ஆறே வருஷத்தில் கிட்டத்தட்ட 21 விநாடியைக் குறைச்சிருக்கார்.

ஒவ்வொரு போட்டியும் சந்தோஷமா முடியலை. 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப் ஹீட்டில் எத்தியோப்பிய வீரரோடு சிக்கிக்கிட்டு நேரம் போச்சு, மேல்முறையீடு செஞ்சு ஃபைனலுக்குச் சேர்த்தாங்க. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 8:18.12, புது தேசிய சாதனை. ஆனா அவர் ஓடின ஹீட் வேகமானது, ஏழாவது இடம்தான் கிடைச்சது. வேறொரு ஹீட்டில் அவரைவிட மெதுவா ஓடினவங்க ஃபைனலுக்குப் போனாங்க, இவர் வீட்டுக்கு வந்தார். பாரிஸில் விதி மாறியிருந்தது. ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் அஞ்சு பேருக்கு இடம். சாப்ளே சரியா அஞ்சாவது.

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது 2022 ஆகஸ்ட் 6, பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி. ஸ்டீபிள்சேஸ் என்பது கென்யாவின் குடும்பச் சொத்து மாதிரி. 1968-லிருந்து 2016 வரை கென்யா கலந்துக்கிட்ட எல்லா ஒலிம்பிக்ஸிலும் ஆண்கள் தங்கம் அவங்களுக்குத்தான். காமன்வெல்த்தில் 1998 முதல் 2018 வரை ஆறு போட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூணுமே கென்யா. பர்மிங்ஹாம் மேடையில் நடுவில் ஒரு பீட் மாவட்டத்துக்காரர் நுழைஞ்சார். கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட் 8:11.15. சாப்ளே 8:11.20.

0.05 விநாடி. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகத்தில் அது முப்பது சென்டிமீட்டர். ஜாமெட்ரி பாக்ஸில் அடங்காம ஸ்கூல் பையில் வெளியே நீட்டிக்கிட்டிருக்குமே, அந்தப் பெரிய ஸ்கேல். மூணு கிலோமீட்டர் ஓடி, 35 தடவை தாண்டி, ஒரு ஸ்கேல் தூரத்தில் தங்கம் போச்சு. அடுத்த வருஷம், 2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் யாரையும் பக்கத்தில் வரவிடாமல் முன்னாடியே ஓடி 8:19.50-ல் தங்கம். ஆண்கள் ஸ்டீபிள்சேஸில் இந்தியாவுக்கு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2025-ல் தென் கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம்.

உலக சாம்பியன்ஷிப்பிலோ ஒலிம்பிக்ஸிலோ பதக்கம் இருக்கான்னா, இல்லை. உலக சாதனைக்கும் அவருடைய சிறந்த நேரத்துக்கும் நடுவில் 17 விநாடிக்கு மேல இடைவெளி இருக்கு. 2023 புடாபெஸ்டில் ஹீட்டோடு வெளியேறினார். இதை மறைச்சு "உலகை மிரட்டிய இந்தியர்" என்று தலைப்பு போட எங்களுக்குத் தெரியும், போட்டும் இருக்கோம். ஆனா 22 வயசுக்கு மேல ஒரு புது விளையாட்டைக் கத்துக்கிட்டு ஒலிம்பிக்ஸ் ஃபைனல் வரை போனதுதான் இங்கே செய்தி.

டிஎஸ்பி வேலையும் கடைசி 50 மீட்டரும்

இப்போ தம்பியின் ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். என்ன வேலை?

ஹாங்சோவில் உத்தரப்பிரதேசத்தின் பாருல் சௌத்ரி பெண்கள் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வாங்கினார். மறுநாளே 5,000 மீட்டரில் கடைசி 50 மீட்டரில் ஜப்பான் வீராங்கனையை முந்தித் தங்கம். முந்தும்போது மனசில் என்ன ஓடுச்சுன்னு கேட்டாங்க. தேசியக் கொடி, தாய்மண் என்றெல்லாம் சொல்வார்னு எதிர்பார்த்தவங்களுக்கு வேற பதில் கிடைச்சது. தங்கம் வாங்கினா உத்தரப்பிரதேச போலீஸில் டிஎஸ்பி ஆக்கிருவாங்க, அதைத்தான் நினைச்சேன் என்கிற அர்த்தத்தில் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அந்த வீடியோ வைரல் ஆச்சு. சிரிச்சவங்களும் உண்டு. எனக்கு அதைவிட நேர்மையான விளையாட்டுப் பேட்டி ஞாபகம் இல்லை.

வேலை என்ற ஆசை காலைப் பின்னால் இழுக்கலை, முன்னால்தான் தள்ளியிருக்கு. சாப்ளேவுக்கும் அப்படித்தான். ஆனா ரெண்டு பேர் கதையிலும் ஒரு வித்தியாசம் இருக்கு. டிஎஸ்பி வேலை பதக்கத்துக்குப் பிறகு வர்ற பரிசு. சாப்ளேவின் ராணுவ வேலை பதக்கத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. கையில் ஒரு சர்டிஃபிகேட்கூட இல்லாமல், சாதாரண சிப்பாயாச் சேர்ந்தார். சம்பளம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உறுதியான பிறகுதான் "நீ இந்த ஓட்டத்தை ஓடிப் பாரேன்" என்று சொல்ல ஒருத்தர் வந்தார்.

தமிழ்நாட்டில் நாம வெச்சிருக்கிற வரிசை வேற. முதல்ல பதக்கம், பிறகு வேலை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. நல்ல விஷயம், குறை சொல்லலை. எங்க சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதல் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி வாங்கினார், அதுக்குப் பிறகு 2021-ல் டிஎன்பிஎல் நிறுவனத்தில் தமிழ்நாடு அரசு வேலை கொடுத்தது. பாரிஸில் வெண்கலம் வேற வாங்கிட்டு வந்தார். ஊரே கொண்டாடினோம். ஆனா அந்த வழி பதக்கம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான். 18 வயசில் வீட்டு வாடகைக்கே யோசிக்கிற பையன் எப்படித் தாக்குப்பிடிப்பான்?

பதக்கமே கைவிட்டுப் போனா என்ன ஆகும்னும் நாம பார்த்திருக்கோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி வாங்கினவர். ஸ்டீபிள்சேஸும் ஓடினவர்தான். பாலினப் பரிசோதனை என்ற பேரில் அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினாங்க. ஆறு வருஷம் கழிச்சு 2012-ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார் என்று செய்தி வந்துச்சு. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடிச்சு, 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைச்சது. சாப்ளேவின் குடும்பம் செங்கல் சூளையிலிருந்து ஒரு சம்பளத்தைப் பிடிச்சு வெளியே வந்தது. சாந்திக்கு சம்பளம் பதக்கத்தில் தொங்கிக்கிட்டிருந்தது. பதக்கம் போனதும் மறுபடி சூளை.

2025 ஜூலை மொனாக்கோ டயமண்ட் லீக். தண்ணீர்க்குழி தாண்டும் இடத்தில் சாப்ளே நிலை தடுமாறி விழுந்தார். முழங்காலில் ஏசிஎல் கிழிஞ்சு ஆபரேஷன். அந்த செப்டம்பரில் டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புக்குப் போக முடியலை. 30 வயசு தாண்டின ஒரு தடகள வீரருக்கு ஏசிஎல் என்பது சின்ன வார்த்தை இல்லை. அந்த செய்தியை எடிட் பண்ணும்போது எனக்கு மறுபடி "செட்டில்டு" என்ற சொல்தான் ஞாபகம் வந்தது. முழங்கால் போனாலும் சாப்ளே ராணுவத்தில் ஜேசிஓ. மாசம் பிறந்தா சம்பளம் வரும், திரும்பி ஓடுறதா வேண்டாமான்னு நிதானமா முடிவு பண்ணலாம். வேலை இல்லாத ஒரு ஓட்டக்காரருக்கு அதே கிழிசலோடு எல்லாம் முடிஞ்சிரும்.

ஏழு நிமிஷத்துக்குள் வந்தா போதும்

தமிழ்நாட்டின் பெரிய ஓட்டப் பந்தயம் எதுன்னு கேட்டா சென்னை மாரத்தான்னு சொல்வோம். எனக்குத் தெரிஞ்சு அது போலீஸ் செலக்‌ஷன்தான். எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணின பசங்க மாவட்டம் மாவட்டமா கிரவுண்டில் கூடி, உயரம், மார்பளவு முடிஞ்சதும் 1,500 மீட்டர் ஓடுறாங்க. 7 நிமிஷத்துக்குள் வரணும். வந்தா பாஸ். அதுக்கப்புறம் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் என்று போகும்.

சாப்ளே தன் சிறந்த ஓட்டத்தில் 1,500 மீட்டரை சராசரியா 4 நிமிஷம் 5 விநாடியில் கடந்திருக்கார், தடுப்பு எல்லாம் தாண்டி. கடந்த உடனே இன்னொரு 1,500 மீட்டரும் அதே வேகத்தில். நம்ம பசங்க அந்த வேகத்தில் இல்லை, பயிற்சி இல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனா ஏற்காடு ரோட்டில் தம்பி கூட ஓடின ஒரு பையன் மொபைல் ஸ்டாப்வாட்ச்சில் 5 நிமிஷத்துக்குள் வருவான். ரோடு ஓட்டம், தூரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். இருந்தாலும் யாரும் சொல்லிக் கொடுக்காத பையன் அவன். செலக்‌ஷனில் அவனும் பாஸ், 6:55-ல் மூச்சு வாங்கிக்கிட்டு வந்தவனும் பாஸ். மார்க்கில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ராணுவ ஆள்சேர்ப்பிலாவது 1.6 கிலோமீட்டரை வேகமா முடிச்சவனுக்கு மார்க் கூட.

என் கோரிக்கை இதுதான். அந்த 1,500 மீட்டர் நேரத்தை எழுதி வைங்க. ஒவ்வொரு செலக்‌ஷனிலும் வேகமா வந்த கொஞ்சம் பேரை, அவங்க பயிற்சி முடிஞ்சு பட்டாலியனுக்குப் போனதும் கூப்பிட்டு, ஒரு சிந்தெடிக் டிராக்கில் ஒரு வருஷம் ஓட விடுங்க. சம்பளம் ஏற்கெனவே கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒண்ணும் வராமப் போகலாம். போனா, நல்லா ஓடத் தெரிஞ்ச ஒன்பது போலீஸ்காரங்க மிச்சம்.

"போலீஸ் வேலை திருடனைப் பிடிக்கிறது, தண்ணீர்க்குழி தாண்டுறது இல்லை" என்று சொல்வாங்க. ராணுவத்தின் வேலையும் எல்லையைக் காக்கிறதுதான். சியாச்சினில் நின்ன ஆளைத்தான் டிராக்குக்குக் கொண்டுவந்தாங்க. தவிர, போலீஸுக்குள்ளேயும் அகில இந்திய தடகளப் போட்டிகள் நடக்குது, காவல் துறை அணிகள் இருக்கு. ஏற்கெனவே பேர் வாங்கின வீரர்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுக்கிறதோட நின்னுடாம, உள்ளே வந்த சாதாரணப் பையனையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும்னுதான் கேக்கிறேன்.

"வயசாயிடுச்சு, 22-ல் என்ன கத்துக்கப் போறாங்க" என்பது அடுத்த கேள்வி. நூறு மீட்டருக்கு அது உண்மையா இருக்கலாம். நடுத்தர, நீண்ட தூர ஓட்டத்தில் தாமதமா வந்து சாதிச்ச ஆள் கண்ணு முன்னால இருக்கார்.

ராணுவத்திலேயே அந்தக் கதவு முன்ன மாதிரி இல்லைங்கிறதையும் சொல்லணும். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தாச்சு. நாலு வருஷம் சேவை, அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் தொடர்ச்சி. சாப்ளே சேர்ந்து, சியாச்சின், ராஜஸ்தான், சிக்கிம் எல்லாம் முடிச்சு, கிராஸ் கன்ட்ரிக்கு வந்து, ஸ்டீபிள்சேஸைத் தொட்ட கணக்கைப் போட்டுப் பாருங்க. நாலு வருஷம் பத்தாது. இன்னிக்கு அவர் அக்னிவீரராச் சேர்ந்திருந்தா, அம்ரிஷ் குமார் கண்ணில் பட்டு ஒழுங்காப் பழகத் தொடங்குற நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். சிறந்த விளையாட்டு வீரர்களை நேரடியா ஹவில்தாரா எடுக்கிற வழி ராணுவத்தில் இருக்கு. ஆனா அதுக்கும் முதல்ல சர்டிஃபிகேட் வேணும். மறுபடியும் அதே தலைகீழ் வரிசை.

அதனாலதான் மாநில வேலைகளைப் பத்திப் பேசுறேன். 18-லிருந்து 26 வயசுக்குள்ள ஓடத் தெரிஞ்ச பசங்களைக் கூட்டங்கூட்டமா வேலைக்கு எடுத்து, நிரந்தரச் சம்பளமும் கொடுக்கிற இடம் இப்போ நம்ம கையில் இருக்கிறது அதுதான்.

தம்பி செலக்‌ஷனில் பாஸ் ஆகிட்டான். பயிற்சி முடிஞ்சு வேற மாவட்டத்தில் டியூட்டி. போன மாசம் லீவில் வந்திருந்தான், வயிறு லேசா முன்னால வந்திருக்கு. காலையில் அஞ்சு மணிக்கு ரோட்டில் பசங்க ஓடுற சத்தம் கேட்டுச்சு. மொட்டை மாடியிலிருந்து ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டிருந்தோம்.

"நீ கடைசியா எப்படா ஓடின?"

"செலக்‌ஷன் அன்னிக்குதான்க்கா."

கொஞ்ச நேரம் கழிச்சு அவனாகவே கேட்டான். "அந்த மிலிட்டரிக்காரர், முழங்கால் சரியாயிட்டாரா? அடுத்து எப்போ ஓடுறாரு?"

2026 செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு இருக்கு, அதுக்குள்ள கால் தயாரானா ஓடுவார்னு சொன்னேன். அப்போ அவருக்கு 32 வயசு. தம்பிக்கு இப்போ 23.